பொறித்த கோடும் அரித்த கோடும்

தமிழில் 'பொறி' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். அடையாளம், எழுத்து, இயந்திரம் ஆகிய பொருள்களை அது தரும். செம்பின்மீது எழுத்தைச் செதுக்குவது பொறித்தல். ஆலையில் இயங்குவதும் பொறி. திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை பரந்துள்ள தொழிற்பகுதியில் இவ்விரு பொருளும் ஒரே நிலத்தில் வந்து கூடுகின்றன. அதன் மேற்கே, செப்பேடுகளைப் பொறித்த கைவினைஞர் வாழ்ந்த காஞ்சிபுரம் உள்ளது. கிழக்கே, அமிலத்தால் செம்பை அரித்து ஓவியம் படைக்கும் கலை வளர்ந்த சென்னை உள்ளது. இடையிலுள்ள ஆலைகளிலோ மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும் மின்சுற்றுப் பலகைகள் நாள்தோறும் பொருத்தப்படுகின்றன. இம்மூன்றையும் இணைப்பது உலோகத்தில் விழுந்த கோடு. அக்கோட்டின் வரலாற்றையும், அதனை இட்டவர்தம் பெயர் அவ்வரலாற்றில் பெற்ற இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உளி பொறித்த கோடு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிலக்கொடையையும், ஏரியையும், பாலாற்றிலிருந்து நீர் கொணரும் காலையும் அது பேசுகிறது. நிலமும் நீரும் யாருக்கு உரியன என்பதை மறவாதிருக்கவே அக்காலத்தார் செம்பை நாடினர். ஓலை மக்கும், செம்பு நிலைக்கும்.

1905இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகளைக் கொண்டது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த அதன் வடமொழிப் பகுதி, சோழர் குலப் பெருமையை விரித்துரைக்கிறது. அப்பெருமையைப் பாடிய புலவர் நாராயணரின் பெயரோடு, எழுத்தைப் பொறித்த காஞ்சிபுரத்துக் கைவினைஞரின் பெயர்களும் அதில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. ஆராவமுது, ரங்கன், தாமோதரன், புருடோத்தமன் என்போர் அவர்கள். மன்னன் பெயர் நின்ற அதே செம்பில் உளி பிடித்தவர் பெயரும் ஆயிரம் ஆண்டுகளாக நின்று வருகிறது.

உளியால் பொறிக்கும்போது கோட்டின் ஆழம் கையின் அழுத்தத்தைப் பொறுத்தது. இதற்கு நெருங்கிய உறவுடையது ஓலையில் எழுதும் முறை. எழுத்தாணி கீறிய கோடு முதலில் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாது. விளக்குக்கரியை இலைச்சாற்றோடு குழைத்து ஏட்டின்மேல் தேய்த்துத் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் துலங்கும். பள்ளத்தில் மையைத் தங்கவைத்து மேற்பரப்பைத் துடைத்தெடுக்கும் இந்நுட்பமே மேலை நாட்டுச் செப்புத்தகட்டு ஓவியத்திற்கும் அடிப்படை. தகட்டைத் தாளில் ஒற்றிப் படியெடுத்தது ஒன்றே அங்கு நிகழ்ந்த புதுமை. சுவடி எழுதிய தமிழருக்குப் பாதிக் கலை முன்பே கைவந்திருந்தது எனலாம்.

அமிலம் அரித்த கோடு

எச்சிங் எனப்படும் அமில அரிப்புக் கலை போர்க்கவசம் செய்வோர் பட்டறையில் பிறந்தது. இரும்புக் கவசங்களில் அமிலத்தால் அணிவேலை செய்து வந்த செருமானியக் கலைஞர் டேனியல் ஹோப்பர், ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில், ஆக்ஸ்பர்க் நகரில் அம்முறையைத் தாளில் படியெடுக்கும் ஓவியத்திற்குப் பயன்படுத்தினார். 17ஆம் நூற்றாண்டில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஏறத்தாழ 300 படைப்புகளால் இக்கலையை உச்சத்திற்குக் கொண்டு சென்றார்.

இதன் செய்முறை எளிது. ஆனால் பொறுமையை வேண்டுவது. மெருகேற்றிய செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சினை இடுவர். அப்பூச்சின்மீது ஊசியால் வரைவர். ஊசி செம்பை வெட்டுவதில்லை. பூச்சை விலக்கிச் செம்பைத் திறந்து வைக்கிறது. பின்னர்த் தகட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்திலோ பெரிக் குளோரைடு கரைசலிலோ அமிழ்த்துவர். திறந்த இடம் அரிபடும். மூடிய இடம் தப்பும். மெல்லியதாய் நிற்கவேண்டிய கோடுகளை இடையில் எடுத்து மெருகெண்ணெயால் மூடிவிட்டு, மற்றவற்றை மீண்டும் அமிலத்தில் இடுவர். எனவே இங்குக் கோட்டின் ஆழத்தைக் காலமே தீர்மானிக்கிறது. இறுதியில் மை தேய்த்துத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால் ஓவியம் இடவலமாக மாறித் தாளில் பதியும்.

இக்கலையின் கண் வழியே தமிழகத்தை உலகுக்குக் காட்டியவர்கள் தாமஸ் டேனியல், அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவர். 1786இல் இந்தியா வந்த அவர்கள் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' தொகுதியின் 144 படங்களுள் மாமல்லபுரம், தஞ்சை, மதுரை முதலிய ஊர்களின் காட்சிகளும் உள்ளன. பிசின் பொடியைத் தகட்டில் தூவி, துகள்களுக்கு இடையே அமிலத்தைப் பாயவிட்டு, நீர்வண்ணம் போன்ற நிழலை எழுப்பும் 'அக்வாடின்ட்' முறையில் அவை ஆக்கப்பட்டன.

கருவி அயலாரிடமிருந்து நம்மவர் கைக்கு வந்த வரலாறும் நோக்கத்தக்கது. வங்கத்துக் கலைஞர் முகுல் தே 1916இல் அமெரிக்கா சென்று இக்கலையைக் கற்றுவந்தார். சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அங்குப் பயின்றவருள் ஒருவரான, 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர். எம். பழனியப்பன், பறத்தலையும் வெளியையும் இயக்கத்தையும் கோடுகளாக்கி அச்சோவியத்தில் தனித்தடம் பதித்தார். இத்தகைய ஓவியத்தின் ஒவ்வொரு படியிலும் வரிசை எண்ணைக் குறித்துக் கீழே ஒப்பமிடுவது உலக மரபு. காஞ்சிக் கம்மியர் பெயர் செம்பில் நின்றதுபோல், இவர்கள் பெயர் தாளில் நிற்கிறது.

பெயரற்ற கோடு

அமிலம் அரித்த கோடு தமிழ் வாசகரிடம் மிகுதியாகச் சென்றது ஓவியக்கூடத்தின் வழியாக அன்று, அச்சகத்தின் வழியாக. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் படம் வேண்டுமெனில் 'பிளாக்' செய்தாக வேண்டும். ஓவியத்தைப் படம்பிடித்து, ஒளியால் இறுகும் பூச்சிட்ட துத்தநாகத் தகட்டில் பதித்து, நைட்ரிக் அமிலத்தில் இடுவர். ஓவியனின் செப்புத் தகட்டில் கோடு பள்ளமாகும்; பிளாக்கிலோ சுற்றுப்புறம் அரிபடக் கோடு மேடாக எஞ்சும். அதனை மரக்கட்டையில் அறைந்து எழுத்தோடு சேர்த்து அச்சேற்றுவர். மாலி, மணியம், கோபுலு ஆகியோரின் கோடுகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது இத்தொழிலே. சிற்றிதழ் நடத்தியோர் படம் ஒன்றைச் சேர்க்குமுன் பிளாக் செலவைக் கணக்கிட வேண்டியிருந்தது. ஓவியர் கையொப்பம் படத்தின் மூலையில் இருந்தது. அமிலப் புகையில் நின்று அக்கையொப்பத்தையும் சேர்த்து அரித்தெடுத்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆஃப்செட் அச்சு பரவியபின் அத்தொழிலும் மறைந்தது.

தொழில் மறைந்தாலும் நுட்பம் மறையவில்லை. அச்சுத்துறையை அறிந்திருந்த வியன்னாப் பொறியாளர் பால் ஐஸ்லர், 1936இல் இலண்டனில் அச்சிட்ட மின்சுற்றைக் கொண்டு ஒரு வானொலிப் பெட்டியை அமைத்தார். காப்புப் பலகையில் செம்புத் தகட்டை ஒட்டி, வேண்டும் கோட்டை ஒளிப்பூச்சால் மூடி, எஞ்சிய செம்பை அரித்து நீக்குவது இன்றைய மின்சுற்றுப் பலகையின் முறை. பிளாக் செய்தோர் கையாண்ட நெறியே இது.

இந்நெறியில் பிறந்த பலகைகள் திருப்பெரும்புதூர் வட்டாரத்திற்கு வந்து சேர்கின்றன. நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்படும் வரை, அங்குக் கைப்பேசிகளைப் பொருத்திய ஆயிரக்கணக்கானோரில் பெண்கள் மிகுதியாக இருந்தனர். இன்று சுங்குவார்சத்திரத்திலும் அப்பணி நடைபெறுகிறது. ஒரகடத்தில் உருவாகும் ஊர்திகளும் இத்தகைய பலகைகளின்றி இயங்கா. ஒவ்வொரு பலகைக்கும் எண் உண்டு. அரித்தவர்க்கும் பொருத்தியவர்க்கும் அதில் பெயரில்லை. ஆலை மூடியபோது அவர்தம் உழைப்பின் சுவடு சம்பளச் சீட்டுகளில் மட்டுமே எஞ்சியது.

திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இறுதிக்கண் நான்கு பெயர்கள் இல்லாதிருந்தாலும் அரசாணை நிறைவுற்றிருக்கும். எனினும் அவற்றை எழுதவேண்டும் என்று அன்று ஒருவர் கருதினார். அக்கருத்தே இன்றைய எழுத்தாளர்க்கு அம்மண் விட்டுச்சென்ற கொடை. அச்சகத் தெருக்களில் பிளாக் செய்த முதியோர் சிலரேனும் இன்னும் நினைவோடு உள்ளனர். பலகை பொருத்திய மகளிர் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்கள் சொல்லைக் கேட்டு, அவர்கள் இசைவோடு பெயரையும் தொழிலையும் எழுதிவைக்க அரசு வரவேண்டியதில்லை. இலக்கிய அமைப்பொன்று முன்வந்தால் போதும். அரிபட்ட செம்பு மீளாது. அதுபோலவே சொல்லாமல் போனவர் நினைவும் மீளாது. ஆதலின் இப்பணி காலம் தாழ்த்தாது தொடங்கத்தக்கது.