பாறைக்குள் ஒரு தேவாலயம்

ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டை டான்யூப் நதி இரு கூறாக்கிச் செல்கின்றது. மேற்குக் கரையிலே, பாலமொன்று வந்து முடியுமிடத்தில், செங்குத்தான குன்றொன்று நதியை நோக்கி நிற்கின்றது. 1046 ஆம் ஆண்டில் கெல்லேர்ட் என்னும் மேற்றிராணியார் இங்கே கொல்லப்பட்டார் என்பர். குன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அக்குன்றின் சரிவிலுள்ள குகைக்குள்ளேதான் இத்தேவாலயம் அமைந்துள்ளது.

உள்ளே புகுவோர் நாற்புறமும் காண்பது கரடுமுரடான பாறையே. விதானமும் அதுவே, சுவரும் அதுவே. குன்றின் அடியில் வெந்நீரூற்றுகள் உள்ளமையால், வெளியே பனி உறையும் மாரியிலும் உள்ளே மிதமான வெப்பம் நிலவுகின்றது. 19 ஆம் நூற்றாண்டில் ஏழைக் குடும்பமொன்று இக்குகையைத் தன் வீடாகக் கொண்டதில் வியப்பில்லை.

பிரான்சு தேசத்தின் லூர்து மாதா கெபியைத் தரிசித்துத் திரும்பிய யாத்திரிகர் சிலருக்கு, அத்தகைய திருத்தலமொன்று தம் நகரிலும் வேண்டுமென்ற அவா எழுந்தது. அதன் பயனாக 1926 இல் ஆலயம் உருவாயிற்று. 1934 இல் அதனை அடுத்து மடமும் எழுந்தது. பவுலின் சபைத் துறவிகள் அங்கே வந்து குடியேறினர். இது வெறும் குடியேற்றமன்று, மீட்சியென்றே கூறவேண்டும். 13 ஆம் நூற்றாண்டில், ஹங்கேரியின் மலைக்குகைகளிலே தனித்து வாழ்ந்த தவசிகளை எவுசேபியு என்னும் குருவானவர் ஒன்றுசேர்த்ததனால் தோன்றியது அச்சபை. 1786 இல் இரண்டாம் யோசேப்பு மன்னன் அதனைக் கலைத்தான். ஆயினும், போலந்து தேசத்துச் செஸ்டகோவா மடத்திலே சபை அழியாது பிழைத்திருந்தது. குகையிற் பிறந்த சபை, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் மீண்டும் ஒரு குகைக்கே வந்து சேர்ந்தது.

அந்த வாழ்வும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1951 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், கம்யூனிச அரசின் இரகசியப் பொலிசார் மடத்துக்குள் நுழைந்து துறவிகளைக் கைதுசெய்தனர். தலைவர் பெரெங்க் வெசேர் அடிகளார் அவ்வாண்டிலேயே மரண தண்டனைக்கு ஆளானார். ஏனையோர் சிறையில் அடைக்கப்பட்டனர். குகையின் வாயில் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட கனமுடைய கொங்கிறீற்றுச் சுவரால் அடைக்கப்பட்டது. படையுமில்லாத, பொருளுமில்லாத ஒரு சிறு மடத்தை மூடுவதற்கு இத்துணைக் கனமான சுவர் எதற்கு? கட்டியவர்களின் அச்சத்தையே அது காட்டிற்று எனலாம்.

அரசியல் மாற்றம் நிகழ்ந்த 1989 ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்திலே ஆலயம் மீளத் திறக்கப்பட்டது. துறவிகளும் திரும்பினர். சுவர் உடைக்கப்பட்டபோது அதன் ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்தனர். பாறையோடு ஒட்டாத அந்தச் சாம்பல் நிறக் கொங்கிறீற்றைக் காண்போர் அதன் கனத்தைக் கண்ணாலேயே அளந்துகொள்ளலாம். உள்ளே ஒரு புறத்தில் போலந்து மக்களுக்கென அமைந்த சிற்றாலயமொன்றும் உண்டு. அங்கே செஸ்டகோவாவின் கரிய மாதா படத்தின் பிரதியொன்று வைக்கப்பட்டுள்ளது.