அட்டையில் ஒரு பெயர், உள்ளே பல கைகள்



சென்ற ஆண்டு காஹாங்கில் என் நான்காம் படிவ மாணவர்களுக்கு ஒரு குழுப்பணி கொடுத்தேன். நான்கு பேர் சேர்ந்து ஒரு தொகுப்பேடு தயாரிக்க வேண்டும். வந்து சேர்ந்த ஓர் ஏட்டின் அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. "மத்தவங்க பேரு எங்கே?" என்று கேட்டேன். "நான்தானே டீச்சர் டைப் பண்ணேன்" என்று பதில் வந்தது. தகவல் தேடியவர், படம் வரைந்தவர், பிழை திருத்தியவர் மூவரும் பேசாமல் நின்றார்கள்.

சிரிக்காதீர்கள். கிறிஸ்தவ எழுத்தாளர்கள் தமிழுக்குத் தந்த நூல்களைப் படிக்கும்போது நாமும் இதையேதான் செய்கிறோம். "விவிலியத்தைத் தமிழில் தந்தவர் யார்?" சீகன்பால்கு. "தமிழ் ஆங்கில அகராதி?" வின்சுலோ. ஒரு வரிக் கேள்வி, ஒரு பெயர்ப் பதில். பதில் தவறில்லை, ஆனால் முழுமையில்லை.

முதலில் இருந்தே பார்ப்போம். 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறிய கிறிஸ்தவ வழிபாட்டு நூல் அச்சானது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, போர்த்துகீசியப் பொருளும் தந்திருந்தார்கள். அதைத் தமிழாக்கியவர்கள் வின்சென்ட் தெ நசரெத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குருஸ். மூவருமே லிஸ்பனில் இருந்த தமிழர்கள். பெயர்கள் மட்டும் போர்த்துகீசியப் பெயர்கள். ஆகத் தமிழ் அச்சேறிய முதல் நூலே ஒரு கூட்டு முயற்சிதான். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலை அண்டிறிக்கி அடிகளார் தந்தார் என்று படிக்கிறோம். அவரோடு மனுவேல் தெ சான் பேத்ரோ என்ற இன்னொரு பாதிரியாரும் அந்த மொழிபெயர்ப்பில் பங்குபெற்றார். அவர் பெயரை நாம் வகுப்பில் சொல்வதே இல்லை.

அடுத்து சீகன்பால்கு. 1706இல் தரங்கம்பாடி வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பாடம் நடத்தச் செய்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்து பழகினார். அந்த வாத்தியார் இல்லையென்றால் அடுத்த கதையே இல்லை! புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சானது. பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை மொழிபெயர்த்த நிலையில், 1719இல் சீகன்பால்கு காலமானார். மீதியைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். 1728இல் அச்சுப்பணி நிறைவடைந்தது. பிறகு பப்ரிசியஸ் என்ற அறிஞர் முத்து என்ற தமிழரின் துணையோடு முழுவதையும் புதிதாக மொழிபெயர்த்தார். பப்ரிசியஸ் 1791இல் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாடு 1796இல்தான் அச்சில் முழுமை பெற்றது. ஒரு நூல் ஒருவர் வாழ்நாளில் முடியவில்லை. கைமாறிக் கைமாறி வளர்ந்தது.

சேர்ந்து எழுத ஒரே நம்பிக்கை வேண்டுமா? இங்கேதான் ஆறுமுக நாவலர் வருகிறார். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரான நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றார். நாவலர் உறுதியான சைவர். 1848இல் பள்ளிப் பணியை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. 1854இல் பாதிரியார்களின் பிரசாரத்துக்கு மறுப்பாகச் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். கருத்தில் எதிரெதிர், ஆனால் தமிழ் வாக்கியம் செம்மையாக இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. இது நம்ம பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

இப்போது வின்சுலோ. 1862இல் சென்னையில் வெளிவந்த அவருடைய அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. அதன் முகப்புப் பக்கத்தைக் கவனியுங்கள். மறைந்த ஜோசப் நைட் முதலானோர் சேர்த்துவைத்த கையெழுத்துப் படிகளை ஒரு பகுதிக்கு ஆதாரமாகக் கொண்டதாக அங்கேயே ஒப்புக்கொள்கிறார். பாராட்ட வேண்டிய நேர்மை. ஆனால் உதவிய தமிழ்ப் புலவர்களைப் பற்றி அதே பக்கத்தில் என்ன இருக்கிறது? தகுதி வாய்ந்த உள்ளூர் அறிஞர்கள் துணை செய்தார்கள் என்ற பொதுக் குறிப்புதான். பாதிரியாருக்குப் பெயர் உண்டு, புலவர்களுக்கு அங்கே பெயர் இல்லை.

எல்லாரும் அப்படி விட்டுவிடவில்லை. 1868இல் ஹென்றி பவர் பாதிரியார் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை அச்சிட்டபோது, முத்தையா பிள்ளையின் துணையைப் பெயர் சொல்லியே குறித்தார். உ.வே.சா. முழுச் சிந்தாமணியை 1887இல் பதிப்பிப்பதற்கு முன்பே நடந்தது இது. சமண காப்பியம், கிறிஸ்தவப் பாதிரியார், தமிழ்ப் புலவர்: மூன்றும் ஒரே நூலில்! இதே இருவரும் விவிலியத் திருத்தப் பணியிலும் சேர்ந்து உழைத்தார்கள். கால்டுவெல் உள்ளிட்டோர் இருந்த குழுவின் பல ஆண்டு உழைப்பாக அத்திருப்புதல் 1871இல் வெளிவந்தது. அதையும் நாம் 'பவர் மொழிபெயர்ப்பு' என்றே சுருக்கிவிட்டோம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மூன்று ஆசிரியைகள் சேர்ந்து ஒரு பயிற்சி நூல் எழுதினோம். இரவு இரவாக உட்கார்ந்து எழுதியது. அச்சாகி வந்தபோது அட்டையில் வேறொருவர் பெயர் இருந்தது. பணம் போனால்கூடப் பரவாயில்லை, பேர் போனது இன்னும் வலிக்கிறது. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கும் பெயர் தெரியாத புலவர்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?

மாணவர்களே, இனி ஒரு நூலைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது நான்கு கேள்வி கேளுங்கள். சொல்லைத் தந்தவர் யார்? வாக்கியம் அமைத்தவர் யார்? திருத்தி முடிவு செய்தவர் யார்? பெயர் போட்டுக்கொண்டவர் யார்? நான்குக்கும் ஒரே விடை வருவது அரிது. சீகன்பால்கு, வின்சுலோ பெயர்களை அடிக்கச் சொல்லவில்லை. அவர்கள் உழைப்பு பெரிது. பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதுங்கள் என்கிறேன். பெயர் கிடைக்காத இடத்தில் 'தமிழ்ப் புலவர் துணையுடன்' என்றாவது எழுதுங்கள்.

அந்தத் தொகுப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அட்டையில் நான்கு பெயர்கள் இருந்தன. ஒவ்வொருவரும் செய்த வேலை பெயருக்குக் கீழே எழுதியிருந்தது. அதற்குப் பிறகுதான் புள்ளி போட்டேன்.