பழைய கோவாவின் புனித அசிசி பிரான்சிஸ் மட ஆலயமும் அதன் மரவேலைப்பாடுகளும்

கோவா மாநிலத்தின் மண்டோவி ஆற்றங்கரையில் உள்ள பழைய கோவாவில், சே பேராலயத்தை ஒட்டி நிற்பது புனித அசிசி பிரான்சிஸ் ஆலயம். முன்பு இது பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளின் மடத்தைச் சேர்ந்த கோயிலாக இருந்தது. துறவிகள் வெளியேறி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் வாழ்ந்த மடம் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். ஆலயத்தில் வழக்கமான வழிபாடு நடப்பதில்லை. ஆனால் பொன் பூசிய பலிபீடம், செதுக்கிய பிரசங்க மேடை, பலகை ஓவியங்கள் ஆகியவை அங்கேயே உள்ளன. 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ‘கோவாவின் தேவாலயங்களும் மடங்களும்’ என்ற தொகுதியில் இதுவும் ஒன்று.

தொடக்கம்

1510-இல் அபோன்சோ தே அல்புகெர்க்கே பீஜப்பூர் சுல்தானிடமிருந்து கோவாவைக் கைப்பற்றினார். 1517-இல் அந்தோனியோ தோ லோரோ என்பவரின் தலைமையில் எட்டு பிரான்சிஸ்கன் துறவிகள் இங்கு வந்து, முதலில் மூன்று பீடங்கள் கொண்ட ஒரு சிறிய சிற்றாலயத்தைக் கட்டினர். 1521-இல் தூய ஆவியின் பெயரால் ஓர் ஆலயம் எழுந்தது. அது 1602-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. பின்னர் அதை இடித்துவிட்டு, 1661-இல் அதே இடத்தில் இப்போதுள்ள ஆலயத்தைக் கட்டினர்.

பழைய கட்டடத்தில் இடிக்காமல் விட்டது நுழைவாயிலை மட்டும்தான். போர்த்துகல் மன்னர் மனுவேல் காலத்தில் வளர்ந்த, மனுவலின் எனப்படும் பாணியில் அமைந்தது அந்த வாயில். அதில் போர்த்துகல் அரச முத்திரையோடு, கடலோடிகள் பயன்படுத்திய வான்கோள வடிவமும் செதுக்கப்பட்டுள்ளது. துறவிகளின் கோயில் வாசலில் அரசச் சின்னமும் கப்பல் பயணத்தின் சின்னமும் இருப்பது தற்செயல் அன்று. சமயப் பணி, அரசு, வணிகம் மூன்றும் அன்று கைகோத்தே வந்தன.

கட்டட அமைப்பு

ஆலயம் மேற்கு நோக்கியது. செம்புரைக் கல்லால் கட்டிச் சுண்ணச் சாந்து பூசப்பட்டது. முகப்பு மூன்று அடுக்குகள் கொண்டது. இரு பக்கமும் எண்கோணக் கோபுரங்கள் உள்ளன. உள்ளே ஒரே நீண்ட கூடம். அதன் இரு பக்கமும் மும்மூன்று சிற்றாலயங்கள் உள்ளன. கூடத்தின் மேற்கூரை பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போன்ற வளைவு. சுவர்களிலும் வளைவுகளிலும் பூக்கொடி ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. தரையில் பதித்த கற்களுள் பல, குடும்பச் சின்னங்கள் பொறித்த போர்த்துகீசியர் கல்லறைக் கற்கள்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. முகப்பின் நடு அடுக்கில் உள்ள மாடத்தில் வைக்கப்பட்ட அற்புத மாதா சொரூபம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போனபோது, போர்த்துகீசியரால் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டது அது. யாழ்ப்பாணம் கைமாறிய மூன்றே ஆண்டுகளில் இந்தப் புதிய ஆலயம் எழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் ஊரில் வீழ்ந்த ஆட்சியின் எச்சம் இன்னோர் ஊரின் ஆலய முகப்பில் குடியேறியது.

மரவேலைப்பாடுகள்

ஆலயத்தின் சிறப்பு அதன் பெரிய பலிபீடம். பின்சுவர் முழுவதையும் மறைக்கும்படி மரத்தில் செதுக்கிப் பொன் பூசியிருக்கிறார்கள். நற்கருணைப் பேழையை மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நான்கு நற்செய்தியாளர்களின் உருவங்கள் தாங்கி நிற்கின்றன. அதற்கு மேலே சிலுவையில் தொங்கும் இயேசுவும், அவருக்கு ஈடான அளவில் புனித பிரான்சிசும் காணப்படுகின்றனர். இரு உருவங்களின் கீழே வறுமை, தாழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குறுதிகள் பொறிக்கப்பட்டுள்ளன.

பிரசங்க மேடையும் மரத்தால் ஆனது. அதன் பக்கங்கள் முழுவதும் பூவேலை நிறைந்தது. பலிபீடத்துக்கு அருகில் இரு பக்கச் சுவர்களிலும் பிரான்சிசின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் காட்டும் பெரிய பலகை ஓவியங்கள் உள்ளன. எழுத்தறியாதவருக்கும் கதை சொல்லும் முறை இது. குற்றாலம் சித்திர சபையின் சுவர்களில் புராணக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் நோக்கம் உடனே விளங்கும்.

செதுக்கிய மரத்தில் பொன் பூசும் இக்கலைக்குப் போர்த்துகீசிய மொழியில் ‘தால்யா தோராதா’ என்று பெயர். மரத்தைச் செதுக்கி, அதன் மேல் வெண்மையான சுண்ணக் கலவையைப் பூசி வழவழப்பாக்குவார்கள். பிறகு செம்மண் நிறப் பூச்சு ஒன்றைக் கொடுத்து, அதன்மேல் மெல்லிய தங்கத் தாளை ஒட்டி மெருகேற்றுவார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணக் கலவையால் மேடு கட்டித் தங்கத் தாள் ஒட்டுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தங்கம் மிக மெல்லிய மேற்பூச்சுதான். எடையைத் தாங்குவது மரம். எனவே ஈரமும் கரையானும் மரத்தைத் தாக்கினால், மேலே உள்ள பொன் அதைக் காப்பாற்றாது.

கோவாவின் ஆலயங்களில் இவ்வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க் கைவினைஞர்கள். வடிவமைப்பு ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் உளி பிடித்த கை இந்தியக் கை. கிறிஸ்தவர் அல்லாதோர் திருவுருவங்களைச் செய்யக் கூடாது என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே தடை இருந்தது. அப்படி ஒரு தடையை விதிக்க வேண்டியிருந்தது என்பதே, அவர்கள் அவ்வேலையில் ஈடுபட்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று.

வறுமையும் பொன்னும்

1226-இல் மறைந்த அசிசி பிரான்சிஸ் செல்வ வணிகர் ஒருவரின் மகன். உடைமைகள் அனைத்தையும் துறந்து, பிச்சையேற்று வாழும் துறவற சபையைத் தொடங்கியவர். அவருடைய ‘வறுமை’ என்ற வாக்குறுதி பொன் பீடத்தில் பொறிக்கப்பட்டிருப்பது முரண் இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இறைவனின் இல்லத்துக்குச் சிறந்ததைத் தர வேண்டும், துறவி தனக்கென எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அக்காலத்தார் கொண்டிருந்த எண்ணம். ஆனால் அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்க முடியாது. கோவாவில் 1540-களில் கோயில்கள் இடிக்கப்பட்டதும், 1560 முதல் 1812 வரை இடையில் ஒரு சிறு இடைவெளியோடு சமய விசாரணை மன்றம் இயங்கியதும் இதே வரலாற்றின் பகுதிகள்.

மடம் மூடப்பட்டது

கொள்ளை நோய்களால் பழைய கோவா நகரம் படிப்படியாகக் காலியானது. 1759-இல் ஆளுநர் பணஜிக்குக் குடிபெயர்ந்தார். 1843-இல் பணஜி முறைப்படி தலைநகரானது. இதற்கிடையே போர்த்துகலில் புதிய அரசு 1834-இல் துறவற சபைகளைக் கலைத்தது. அந்த ஆணை 1835-இல் கோவாவிலும் செயலுக்கு வந்து, பிரான்சிஸ்கன் மடமும் மூடப்பட்டது. பராமரிப்பு இல்லாமல் அழிந்த மடங்கள் பல. அருகிலிருந்த புனித அகுஸ்தினார் ஆலயத்தின் கூரை 1842-இல் சரிந்தது. இன்று அதன் கோபுரத்தின் ஒரு பகுதி மட்டுமே நிற்கிறது.

பிரான்சிஸ்கன் மடம் தப்பியது. 1961-இல் கோவா இந்தியாவுடன் இணைந்தபின், 1964-இல் தொல்லியல் துறை அங்கு அருங்காட்சியகத்தை அமைத்தது. அல்புகெர்க்கேயின் வெண்கலச் சிலையும் போர்த்துகீசிய ஆளுநர்களின் உருவப்படங்களும் அங்கு உள்ளன. அதே கட்டடத்தில் இந்துக் கடவுளரின் கற்சிற்பங்கள், நடுகற்கள், சதிக்கற்கள் ஆகியவையும் வைக்கப்பட்டுள்ளன. ஒருகாலத்தில் ஒன்றையொன்று விலக்கிய இரு உலகங்கள் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

காப்பதன் தேவை

பிரேசிலின் சல்வதோர் நகரில் பொன் வேலைப்பாட்டுக்குப் புகழ்பெற்ற பிரான்சிஸ்கன் ஆலயம் ஒன்று உண்டு. 2025 பிப்ரவரியில் அதன் மேற்கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து, சுற்றுலா வந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். பழைய மரவேலையைக் கவனிக்காமல் விட்டால் கலையோடு மனித உயிரும் போகும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. கோவாவின் நீண்ட மழைக்காலமும் கடலோர ஈரக்காற்றும் மரத்துக்குப் பகை. துறவிகள் இருந்தவரை நாள்தோறும் கண்ணில் பட்டுக் கவனிக்கப்பட்ட பீடம், இன்று தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது.

கோவாவுக்குச் செல்வோர் பெரும்பாலும் எதிரே உள்ள பொம் இயேசு பேராலயத்தில் புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள பேழையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சாலையைக் கடந்து இந்த ஆலயத்துக்கும் சென்று, வாயிலில் உள்ள கல்வேலையையும் உள்ளே உள்ள மரவேலையையும் நிதானமாகப் பார்ப்பது நல்லது. முகப்பில் நிற்கும்போது யாழ்ப்பாணத்து மாதாவையும் நினைவில் கொள்ளலாம்.