யாங்கே ஆடலில் வடிவமும் பொருளும்

சீன நாட்டுப்புற ஆடல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விசிறி, கைக்குட்டை, உடை ஆகியவற்றின் வண்ண அழகோடு நின்றுவிடுகின்றனர். ஆடுவோர் நடந்து நடந்து தரையில் அமைக்கும் வடிவங்கள் உரிய கவனம் பெறுவதில்லை. ஷென்சி மாநிலத்தின் வடபகுதியில் வழங்கும் யாங்கே ஆடலைப் பொறுத்தமட்டில், அதன் வரலாற்றை இவ்வடிவங்களைக் கொண்டே அறியலாம்.

'யாங்கே' என்பதற்கு நாற்றுப் பாட்டு என்பது பொருள். நெல் அரிதாகவே விளையும் வறண்ட மேட்டுநிலத்திலும் இப்பெயரே நிலைத்திருப்பது வியப்புக்குரியது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் ஆடற்குழுவினர் முதலில் கோயிலில் வணங்கிப் பின்னர் வீடுவீடாகச் சென்று வாழ்த்துப் பாடுவர். குடை ஏந்திய தலைவர் முன்செல்வார். அக்குடை நல்ல மழையை வேண்டுவதாகக் கொள்ளப்படும். வரிசை உட்சுருண்டால் அது முட்டைக்கோசின் குருத்து. பின்னிச் சென்றால் பூண்டுப் பின்னல். இரண்டாகப் பிரிந்து வளைந்தால் மீசை நீட்டும் இரு டிராகன்கள். உழவர் தம் தோட்டத்திலிருந்தும் தொன்மத்திலிருந்தும் ஒருங்கே பெயர்களை எடுத்தாண்டுள்ளனர்.

இவற்றுள் சிறப்பானது 'ஒன்பது வளைவு' எனப்படும் விளக்குப் பாதையாகும். முதல் மாதத்தின் பதினைந்தாம் நாளையொட்டி, வரிசைக்கு 19 வீதம் 19 வரிசைகளில் 361 விளக்குகள் வைக்கப்படும். சில ஊர்களில் ஆண்டின் நாள்களைக் கருதி 365 விளக்குகள் வைப்பதும் உண்டு. மஞ்சள் ஆற்றின் வளைவுகளை நினைவூட்டும் இப்பாதையை முழுமையாகக் கடந்தோர்க்கு அவ்வாண்டு இடரின்றிக் கழியும் என்பது நம்பிக்கை. எனவே இவ்வடிவம் பார்ப்போருக்காக அமைந்ததன்று, நடப்போருக்கே உரியது. தரையில் நிற்போர் அதன் முழுத் தோற்றத்தைக் காணவும் இயலாது.

1942 மே மாதம் யெனானில் கலை இலக்கியம் குறித்து மா சே துங் ஆற்றிய உரைகளைத் தொடர்ந்து, 1943இல் புதிய யாங்கே இயக்கம் வேகம் பெற்றது. குடையின் இடத்தைச் சுத்தியலும் அரிவாளும் பெற்றன. ஐம்முனை விண்மீன் புதிய வடிவமாகப் புகுந்தது. காதற் குறும்பும் கோமாளி வேடமும் விலக்கப்பட்டன. தரிசு நிலத்தைத் திருத்துவதைப் பற்றிய புகழ்பெற்ற குறுநாடகத்தில், காதலுக்கு இடமில்லாதவாறு ஆடும் இணை அண்ணன் தங்கையாக ஆக்கப்பட்டது. இதனை வெறும் பரப்புரை எனத் தள்ளிவிடுவது பொருந்தாது. அவ்வடிவங்கள் அலங்காரம் மட்டுமே எனின், குடையை மாற்ற வேண்டிய தேவையே எழுந்திராது. ஆய்வாளர் பலர் காணத் தவறியதை அன்றைய கட்சிப் பணியாளர் நன்குணர்ந்திருந்தனர்.

1949க்குப் பின் நகரங்களுக்குப் பரவிய யாங்கே, எவரும் எளிதில் கற்கும் சில அடிவைப்புகளாகச் சுருங்கியது. சலிப்பூட்டுவதாக நகரமக்கள் குறைகூறவும் செய்தனர். கோயிலும் வாசலும் விளக்குப் பாதையும் நீங்கிய பின் வளைவதற்குக் காரணம் இல்லாமற் போயிற்று என்பதே என் கருத்து.

2006இல் யாங்கே சீனாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் நாட்டுப்புற நடனம் என்னும் பிரிவின்கீழ் இடம்பெற்றது. வழிபாடும் வாழ்த்தும் ஊர்வலமும் இணைந்த ஒன்றுக்கு அப்பிரிவு குறுகியதே. வட ஷென்சி ஊர்களிலோ, குடை மீண்டும் முன்செல்கிறது.