பி95: ஓர் ஆரஞ்சுப் பட்டியின் பயணம்

2001-இல் அர்ஜென்டினாவின் தென்கோடியில், ரியோ கிராண்டே கடற்கரையில், ஓர் உள்ளானின் காலில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பட்டி ஒன்றை மாட்டினார்கள். அதில் பொறித்திருந்தது: பி95. ஆரஞ்சு என்றால் அர்ஜென்டினா. 1995 பிப்ரவரியிலேயே, வளர்ந்த பறவையாக, இதே கரையில் பிடிபட்டு வளையம் பூண்ட பறவை அது. ரெட் நாட் என்ற இனம்.

ஆண்டுதோறும் அந்தப் பட்டி வடக்கே போய்த் திரும்பியது, ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர். மே மாதம் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இறங்கும். லாட நண்டுகள் மணலில் இட்ட முட்டைகளை இரண்டே வாரம் தின்று, பறவைகள் உடல் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்ளும். தொலைநோக்கியோடு காத்திருப்பவர்கள் எழுத்தைப் படித்துக் குறித்துக்கொள்வார்கள்.

அடுத்து கனடாவின் வடதுருவத் தீவுகள். அங்கே படிக்க ஆளில்லை. பட்டியின் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஜூன் தொடக்கத்தில் பனி முழுதாக விலகியிருக்காது, பூச்சிகளும் கிளம்பியிருக்காது. டெலவேரில் சேர்த்த கொழுப்புதான் அப்போது சோறு. ஆண் வானில் வட்டமிட்டுப் பாடும். சரளைக்கல் மேட்டில் சிறு குழி, அதில் நான்கு முட்டைகள். ஆணும் பெண்ணும் முறைவைத்து மூன்று வாரம் அடைகாக்கும். ஆள் காலடி எடுத்து வைக்கும் தூரத்துக்கு வந்தாலும் அசையாது. முதுகின் நிறம் கல்லோடு கல்லாக மறைத்துவிடும். அந்த நாட்களில் பி95 என்ற எழுத்து, சூடான முட்டைகளின் மேல், இறகுக்குள் மறைந்து கிடந்திருக்கும். குஞ்சு பொரித்ததும் தாய் தெற்கே கிளம்பிவிடும். பொரித்த அன்றே நடந்து தானே இரை பொறுக்கும் குஞ்சுகளை, இறக்கை முளைத்துப் பறக்கும்வரை தகப்பன் காக்கும்.

இதற்கிடையே டெலவேர் விரிகுடாவில் தூண்டிலிரைக்காக லாட நண்டுகளை அளவின்றி அள்ளினார்கள்; பறவைகளுக்கான முட்டைகள் குறைந்தன. தெற்கே 1980-களில் 60,000-க்கு மேல் எண்ணப்பட்ட இந்த உள்ளான்கள் 2011-இல் 10,000-க்கும் கீழே போயின. பி95 மட்டும் வந்துகொண்டே இருந்தது. அது பறந்த தூரம் நிலவுக்குப் போய்ப் பாதி வழி திரும்பும் அளவு என்று கணக்கிட்டு ‘நிலாப் பறவை’ என்று பேர் வைத்தார்கள். அதற்குச் சிலையும் உண்டு.

கடைசியாக அந்த எழுத்தைப் படித்தது 2014 மே மாதம், டெலவேர் விரிகுடாக் கரையில். பறவைக்கு அப்போது 20 வயதாவது இருக்கும். வடக்கே கிளம்பும் பருவம் அது.