மணவழித் தங்குரிமையும் வருமான வரம்பும்: பிரித்தானியக் குடிவரவு விதிகளின் வரலாறு

பிற நாட்டார் ஒருவரை மணந்த பிரித்தானியக் குடிமக்கள், தம் துணையைத் தம்மோடு வைத்துக்கொள்ள எவ்வளவு பொருள் உடையராதல் வேண்டும்? அந்நாட்டுக் குடிவரவு விதிகள் இவ்வினாவிற்குப் பவுன் கணக்கில் விடை கூறுகின்றன. இவ்வரம்பு 2012-ஆம் ஆண்டில் புதுவதாகத் தோன்றியது என்பர் பலர். அக்கூற்று முழுதும் பொருந்துவதன்று. பொருள் பற்றிய வினா அதற்கு முன்னரே விதிகளில் இடம் பெற்றிருந்தது. 2012-இல் அவ்வினா ஓர் எண்ணாக இறுகியது; அவ்வெண், நாட்டினுள் நுழையும்போது மட்டுமன்றி, உடன் வாழத் தொடங்கிய பின்னரும் தங்குரிமையை நீட்டிக்குந்தோறும் கேட்கப்படலாயிற்று. இம்மாற்றம் படிப்படியாக வந்த வழியை ஈண்டு ஆராய்வோம்.

தொடக்கத்தில் விதிகள் வினவியது பொருளை அன்று. ஆணா பெண்ணா என்பதையே. காமன்வெல்த்து நாடுகளினின்று வருவோர்க்கு முதன்முதல் தடை விதித்தது 1962-ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் கணவனை நாடி வரும் மனைவியைத் தடுக்கவில்லை. 1969 சனவரியில் உள்நாட்டமைச்சர் காலகன், மனைவியை நாடி வரும் கணவர்க்கு வாயிலை அடைத்தார். கணவன் இருக்குமிடமே மனைவிக்கும் இடம் என்னும் பழங்கருத்து இத்தடையின் அடியில் உள்ளது. 1974-இல் ராய் செங்கின்சு அத்தடையை நீக்கினார். ஆயினும் 1980-களின் விதிகள் வேறொரு தடையைக் கொணர்ந்தன. நாட்டிற் குடியேறுவது தம் மணத்தின் தலையாய நோக்கமன்று என வருகின்ற கணவர் மெய்ப்பித்தல் வேண்டும் என்பது அது. இல்லாத ஒன்றை இல்லையென நிறுவுவது எளிதன்று. அதனினும் அரிது மனத்துள் இல்லாததை நிறுவுவது. அதிகாரியின் ஐயமே அளவுகோலாயிற்று.

1985 மே 28-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அப்துலசீசு, கபாலெசு, பால்கண்டாலி என்னும் மூன்று பெண்களின் வழக்கில் தீர்ப்பளித்தது. மணமக்கள் தாம் விரும்பிய நாட்டிற் குடியமர்வதற்கு அந்நாடு இசைந்தே தீரவேண்டும் என்னும் கடப்பாடு இல்லை என்றது. ஆயின், மனைவியை அழைக்கும் ஆணுக்கு ஒரு விதியும் கணவனை அழைக்கும் பெண்ணுக்கு மற்றொரு விதியும் வைத்தது பால்வேற்றுமை என்று கண்டது. இவ்வேற்றுமையைப் போக்க இரு வழிகள் இருந்தன. கணவர்க்குரிய தடையைத் தளர்த்துவது ஒன்று. மனைவியர்க்கும் அத்தடையை விரிப்பது மற்றொன்று. அரசு பின்னதையே மேற்கொண்டது. சமத்துவம் கேட்டார்க்குச் சமமான இடுக்கண் கிடைத்தது என்க.

பொருள் வரலாற்றிற்கு இதனினும் முதன்மையான ஆண்டு 1988 என்பது நம் கருத்து. ஆராய்வோர் பலர் இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1973 சனவரி 1-க்கு முன்னரே அந்நாட்டிற் குடியமர்ந்த காமன்வெல்த்துக் குடிமக்களுக்கு அச்சட்டத்தின் முதற்பிரிவு ஒரு காப்பு வழங்கியிருந்தது. அவர்தம் மனைவி மக்கள் வந்துபோகும் உரிமையைப் பின்னர் வரும் விதிகள் முன்னையினும் குறைத்தலாகாது என்பதே அக்காப்பு. எனவே, துணையைப் பேணும் வருவாயும் உறைவிடமும் உண்டா என அன்னோரை வினவ இயலாதிருந்தது. ஆலையிலும் பேருந்திலும் உழைத்த தொழிலாளர் பலர்க்கு இதுவே அரணாயிற்று. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இக்காப்பை நீக்கியது. அன்றுதொட்டுப் பொருள் வினா யாவர்க்கும் உரியதாயிற்று. 1997 சூனில் தலையாய நோக்கம் என்னும் சோதனை ஒழிக்கப்பட்டபோது பலரும் மகிழ்ந்தனர். மனத்தை அளக்கும் கோல் மறைந்தது மெய்யே. பொருளை அளக்கும் கோல் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆயினும் அக்கோலில் அன்று எண் பொறிக்கப்படவில்லை. அரசின் உதவிப்பணத்தை நாடாமல் போதிய அளவு பேணுதல் வேண்டும் என்பதே விதியின் சொல். ‘போதிய’ என்பதற்கு 2006-இல் ஒரு தீர்ப்பாயம் வரையறை கண்டது: வருவாயற்ற குடும்பத்திற்கு அரசு வழங்கும் உதவித்தொகையினும் குறையாத வருமானம் என்பது அது. வரியும் உறைவிடச் செலவும் நீங்க, இருவர்க்கு ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ 5,500 பவுன் என 2011-இல் அது கணக்கிடப்பட்டது.

அவ்வாண்டிறுதியில் குடிவரவு ஆலோசனைக் குழு, மொத்த வருமானம் 18,600 முதல் 25,700 பவுன் வரையில் ஓர் எண்ணைக் கொள்ளலாம் என்றது. உறைவிடம் முதலியவற்றிற்கான உதவிப்பணம் எதனையும் பெறும் தகுதி ஒரு குடும்பத்திற்கு அறும் இடமே கீழெல்லையாகிய 18,600. 2012 சூலை 9 முதல் அதுவே விதியாயிற்று. ஒரு குழந்தை உடன்வரின் 22,400. பின்வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400 கூடிற்று. அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.08 பவுன். வாரம் 40 மணி நேரம் ஆண்டு முழுதும் உழைத்தாலும் 12,646 பவுனே கிடைக்கும். குறைந்தபட்சக் கூலி என அரசே வகுத்த ஊதியம், அதே அரசு வகுத்த இல்லறத்திற்குப் போதாதாயிற்று.

சேமிப்பைக் கணக்கிடும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. முதல் 16,000 பவுன் கணக்கில் வாராது. எஞ்சியதை இரண்டரையால் வகுத்து வருவதே ஆண்டு வருமானத்திற்கு ஈடாகும். வருமானமே இல்லாதவர் அன்று 62,500 பவுன் காட்டுதல் வேண்டியிருந்தது. இரண்டரை என்பது எங்கிருந்து வந்தது? ஒருமுறை நீட்டிக்கப்படும் தங்குரிமையின் காலம் 30 மாதம். அஃதாவது இரண்டரை ஆண்டு. ஐந்தாண்டு நிறைந்து நிலையான தங்குரிமை வேண்டுங்கால் அவ்வகுத்தல் இல்லை. நீட்டிப்புக் காலமே கணக்கின் அடிப்படை என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

நீட்டிப்பின்போது ஒரு சலுகை உண்டு. முதலில் வெளிநாட்டினின்று விண்ணப்பிக்கையில், வருகின்ற துணை ஈட்டக்கூடிய ஊதியம் கணக்கில் வாராது. நீட்டிக்கையில், நாட்டினுள் அவர் முறைப்படி ஈட்டிய ஊதியமும் சேரும். எனினும் வேலையிழப்பு, மகப்பேறு, நோய் ஆகியன 30 மாதக் கெடுவை நோக்கி வருவன அல்ல. ஊதியச் சீட்டும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், பணம் இருந்தும் விண்ணப்பம் தள்ளப்படலாம். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் ஊதியம் குறைக்கப்பட்டோரை முழு ஊதியம் பெற்றோராகவே கொள்ள அரசு இசைந்தது. வரம்பில் தவறுவதெல்லாம் விண்ணப்பித்தவரின் குற்றமன்று என்பதை அரசே ஒப்பிய காலம் அது.

நம் அகத்திணை மரபு பொருள்வயிற் பிரிவை அறியும். ஆங்குத் தலைவன் பொருள் தேடப் பிரிகின்றான். இல்லறம் அவனுக்காகக் காத்து நிற்கிறது. இவ்விதிகளாலோ, பொருள் நிரம்பாமையே பிரிவாகின்றது. இப்பிரிவிற்கு நம் இலக்கண நூலார் பெயர் வகுத்திலர்.

வரம்பை எதிர்த்த வழக்கில் 2013-இல் உயர்நீதிமன்றம் இது மிகையான சுமை என்றது. 2014-இல் மேன்முறையீட்டு மன்றம் அதனை மறுத்தது. 2017 பிப்ரவரி 22-இல் உச்சநீதிமன்றம் வரம்பு சட்டத்திற்கு ஏற்றதே என்று முடிவு செய்தது. ஆயினும் குழந்தைகளின் நலனை விதிகள் உரியவாறு கருதவில்லை என்றும், உற்றார் தரும் உதவி போன்ற பிற வருவாய்களை முற்றும் புறக்கணித்தல் முறையன்று என்றும் குறை கண்டது. அவ்வாண்டு ஆகத்தில் விதிகள் திருத்தப்பட்டன. வரம்பை எட்டாதவர்க்கு விதிவிலக்கான இன்னல் இருப்பின் தங்குரிமை கிட்டும். ஆனால் நிலைபெறும் காலம் ஐந்தாண்டன்று, பத்தாண்டு. வறியவர்க்கு நீட்டிப்புகள் மிகுதி. அவற்றிற்குரிய கட்டணங்களும் மிகுதி.

2024 ஏப்ரல் 11 முதல் வரம்பு 29,000 பவுனாயிற்று. குழந்தைக்கெனக் கூட்டும் தொகை நீக்கப்பட்டது. வருமானமின்றிச் சேமிப்பு மட்டும் காட்டுவோர்க்கு 88,500 வேண்டும். 38,700 வரை உயர்த்தும் திட்டத்தை அவ்வாண்டு அமைந்த புதிய அரசு நிறுத்தி, ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்டது. திறன்மிகு தொழிலாளரை அழைப்பதற்கென வகுத்த 38,700 என்னும் எண்ணைக் குடும்பத்திற்கு ஆளுதற்கு அடிப்படையில்லை என 2025 சூனில் குழு கூறியது. 23,000 முதல் 25,000 வரை என்னும் வரம்பு, குறைந்தபட்சக் கூலி பெறுவோரும் குடும்பமாய் வாழ இடந்தரும் என்றும் சுட்டியது. 2024 ஏப்ரல் 11-க்கு முன்னர் முதல் விண்ணப்பம் செய்தவர், அதே துணையோடு நீட்டிக்கையில் பழைய 18,600-ஐயே காட்டினால் போதும். அதற்கு மறுநாள் விண்ணப்பித்த அடுத்த வீட்டார்க்கு, ஊதியமும் வாடகையும் ஒன்றேயாயினும், எண் வேறு.