பதினெட்டுக்குப் பின் யார் துணை? மாற்றுப் பராமரிப்பில் வளர்ந்த இளையோரும் உரிமைக் குரலும்

பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் காப்பது அரசின் பொறுப்பு என்ற கருத்துக்குத் தமிழகத்தில் நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. 1920-இல் வந்த சென்னைக் குழந்தைகள் சட்டம் இத்துறையில் இந்தியாவின் முதல் மாகாணச் சட்டம். 1930-இல் முத்துலட்சுமி ரெட்டி ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தமிழகத்தின் ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்ட செய்தியால் 2007-இல் எழுந்த வழக்கில், இல்லங்கள் அனைத்தையும் பதிவு செய்யவும் குடும்பப் பராமரிப்புக்கு முன்னுரிமை தரவும் 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு முன்பே 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வளர்ப்புப் பராமரிப்பை 44-ஆம் பிரிவிலும், பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுச் செல்வோருக்கான பிற்காப்பை 46-ஆம் பிரிவிலும் வகுத்திருந்தது. இவற்றை முன்னெடுத்தவர்கள் சீர்திருத்தவாதிகள், சட்டமன்றத்தினர், நீதிபதிகள். பராமரிப்பில் வளர்ந்தவர்களின் குரல் இந்த வரலாற்றில் அரிதாகவே கேட்கிறது. சட்டத்தில் இன்றும் தொடரும் இடைவெளிகளுக்கு அதுவே முக்கியக் காரணம்.

தமிழகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் இதற்கு நல்ல சான்று. ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்திருக்க வேண்டும், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்திருக்க வேண்டும். பதினோரு வயதில் பெற்றோரை இழந்து பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை இந்த வரையறைக்குள் வராது. பிற்காப்பும் பொதுவாக 21 வயதோடு முடிகிறது. விசைத்தறியும் கறிக்கோழிப் பண்ணையும் நிறைந்த, திருப்பூர் மாவட்டத்தின் பல்லடத்தில் பதினெட்டு வயதில் கூலி வேலை கிடைப்பது எளிது. ஆனால் வாடகைக்கு முன்பணமும், ஜாமீன் நிற்க ஆளும், படிப்பைத் தொடர வழியும் இல்லாதவருக்கு அந்த வேலையே எல்லையாகிவிடும். இதை அனுபவித்தவர்களே துல்லியமாகச் சொல்ல முடியும்.

பிற நாடுகளில் அவர்கள் சொன்னார்கள். பிரிட்டனில் 1979-இலும் கனடாவில் 1985-இலும் பராமரிப்பில் வளர்ந்த இளையோரின் தேசிய அமைப்புகள் எழுந்தன. 1988-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இளையோர் அமைப்பு, வளர்ப்புப் பராமரிப்பை 21 வயது வரை நீட்டித்த 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் போராடியவற்றுள் ஒன்று. இந்தியாவிலும் டெல்லியில் உதயன் கேர் நிறுவனத்தின் துணையோடு இத்தகைய இளையோர் வலையமைப்பு உருவாகியுள்ளது.

பாட்டியும் சித்தியும் பிள்ளையை விட்டுவிடாத கொங்கு மண்ணில் இத்தகைய அமைப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். உறவின் அரவணைப்பு பெரும் பேறுதான். ஆனால் அது சான்றிதழையோ கல்விக் கட்டணத்தையோ தானாகப் பெற்றுத் தராது. உறவினர் வீட்டுப் பிள்ளைக்கும் தன் நலனில் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு. பிள்ளைகளைப் பேசவைப்பது அவர்களின் அடையாளத்தை அம்பலமாக்கும் என்பது இன்னும் கனமான மறுப்பு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. ஆனால் பதினெட்டைக் கடந்தவர்கள் சங்கமாகத் திரளும்போது எவரும் தம் சொந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. கோரிக்கை அனைவருக்கும் பொதுவானது.

கருத்துக் கேட்கப்படும் உரிமையை அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு அடிப்படைக் கொள்கையாக்குகிறது. அதன் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் இல்லந்தோறும் குழந்தைகள் குழுக்களைக் கோருகின்றன. அந்தக் குழுக்களின் எல்லை இல்லத்தின் வாசலோடு முடிந்துவிடக் கூடாது. திருப்பூர் போன்ற ஒவ்வொரு மாவட்டத்திலும் பிற்காப்புத் திட்டங்களை ஆராயும் கூட்டங்களில், பராமரிப்பில் வளர்ந்த இளையோருக்கு நிலையான இடம் வேண்டும். நூறாண்டாகப் பிறர் எழுதித் தந்த பாதுகாப்பை அவர்களே திருத்தி எழுதும் காலம் இது.